அப்பாவின் காதும் என் கடையும்

அப்பாவுக்குக் காது கேட்காமல் போனது எனக்கு வசதியாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது. ஆனால் நான் சொல்ல வேண்டியது அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அவரைக் கூட்டிக்கொண்டு ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். "வீட்டில் எல்லாரும் அவரோடு பேசுகிறீர்களா?" என்று ஒரு டாக்டர் கேட்டபோது, "பேசுறோம் சார்" என்றேன். பொய்.

நான் திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருப்பவன். டி.பார்ம் படித்தவன். மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, எதை எத்தனை நாளைக்குக் கொடுக்கலாம் என்று தெரிந்தவன். அப்பாவுக்கு முதலில் காது போனது, பிறகு நடை போனது, அப்புறம் ஞாபகம் போனது. மூன்றும் என் கண்ணெதிரே நடந்தன. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அப்பா நூற்பாலைத் தொழிலாளி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் ரிங் பிரேம் பகுதியில் சைடர் வேலை. இயந்திர வரிசைகளுக்கு நடுவே அறுந்த இழையை ஒட்டிவிட்டுக்கொண்டே ஷிப்ட் முழுக்க நடக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும் கூடம் அது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் நாளுக்கு 8 மணி நேரம் 90 டெசிபல் வரை இரைச்சலை அனுமதிக்கின்றன. ரிங் பிரேம் கூடங்கள் அந்த அளவை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கும். அப்பா காலத்தில் அதை அளந்து பார்த்தவர் யார்? காதில் கொஞ்சம் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பஞ்சு இரைச்சலை ஒன்றும் பெரிதாகத் தடுக்காது.

உள்காதில் சுருண்டு கிடக்கும் குழலுக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 என்ற கணக்கில், மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுவது அவைதான். செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. இரைச்சலில் கெடும் காது முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகளை இழக்கும். அதற்கு மேல் வயதும் சேர்ந்துகொள்ளும். நம் பேச்சில் உயிரெழுத்துக்கு வலு அதிகம், ஒலியும் தாழ்வானது. அது கடைசிவரை காதில் விழும். மெய்யெழுத்துகள்தான் தேய்ந்துபோகும். தட்டு, கட்டு, பட்டு மூன்றும் அப்பாவுக்கு ஒன்றாகிப் போனது அப்படித்தான். "சத்தம் கேக்குதுடா. நீ என்ன சொல்றேன்னுதான் பிடிபடல" என்பார். நான் அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டேன். சத்தம் கேட்கிறதென்றால் வார்த்தை எப்படிக் கேட்காமல் போகும்? ஆகவே கத்தினேன். கத்தும்போது உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகிறது, மெய்யெழுத்து அதற்குள் முங்கிப் போகிறது. என் கத்தல் அவருக்குக் கோபமாக மட்டுமே போய்ச் சேர்ந்தது.

மில்காரர்களுக்கு ஒரு திறமை உண்டு. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள். அந்த இரைச்சலில் வேறு எப்படிப் பேசுவது? வேலையை விட்டு வந்த பிறகும் அப்பாவை அதுதான் காப்பாற்றியது. நாகல்நகர் டீக்கடையில் சேக்காளிகளோடு எதிரெதிரே உட்கார்ந்து மணிக்கணக்கில் அரசியல் பேசுவார். காது மந்தம் என்று வெளியாள் யாருக்கும் தெரியாது. 2020இல் ஊர் முழுக்க முகக்கவசம் போட்டது. உதடு மறைந்துவிட்டது. டீக்கடையும் மூடிக் கிடந்தது. திறந்த பிறகு ஒருநாள் போய்விட்டு வந்தவர், "எவன் என்ன பேசுறான்னே தெரியல" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவும் இல்லை. தொற்றுக்காலத்தில் கிழவர் வீட்டில் இருப்பது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலும், சொன்னதையே மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பார். முதல் தடவை சொல்வோம். இரண்டாவது தடவை கத்துவோம். மூன்றாவது தடவைக்கு எங்களிடம் ஒரு பதில் இருந்தது: "ஒண்ணுமில்லப்பா, விடுங்க."

இந்த 'ஒண்ணுமில்ல'தான் என் பெரிய குற்றம். எத்தனை சின்ன விஷயமாக இருந்தாலும், அதைச் சொல்லாமல் விட்டது நாங்கள். 'உனக்கு இது தெரிய வேண்டியதில்லை' என்பதைத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தோம். கடை வரவு செலவு, மனைவியோடு சண்டை, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய், எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே பேசுவோம். அவர் அறையில் இருக்கிறார் என்று யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த பேச்சு மாதக்கணக்கில் அதே கூடத்தில் நடந்தது. நிச்சயம் என்று பேத்தி பட்டுப்புடவை கட்டி வந்து காலில் விழுந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரியும். "எந்த ஊருத்தா?" என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. அதோடு ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பார். கேள்வி கேட்காத அப்பா எனக்குப் பிடித்திருந்தார்.

அடுத்தது மாத்திரை.

காது மந்தமான கொஞ்ச காலத்தில் கிறுகிறுப்பு வர ஆரம்பித்தது. "படுக்கையில ஒருச்சாஞ்சு படுத்தா வீடே சுத்துதுடா. கொஞ்ச நேரத்துல நின்னுருது" என்பார். கடையிலிருந்து சின்னரிசின் ஓர் அட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது. குமட்டல் என்றால் கூடவே ப்ரோகுளோர்பெரசின். அட்டை தீர்ந்தால் அடுத்த அட்டை. இரண்டும் நாள்கணக்கில் கொடுக்க வேண்டியவை. நான் வருடக்கணக்கில் கொடுத்தேன்.

இந்த மாத்திரைகள் சமநிலை உறுப்பிலிருந்து வரும் செய்தியை மழுங்கடிக்கும். சுற்றல் தெரியாமல் போகும். ஆனால் கெட்டுப்போன செய்தியைச் சரிக்கட்டி நடக்கப் பழகும் வேலையை மூளை செய்ய விடாது. அதோடு இரண்டும் மூளையில் டோப்பமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. முதியவர்கள் நீண்ட நாள் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோய் போலவே கை நடுங்கும், முகம் உணர்ச்சியற்றுப் போகும், கால் தரையோடு தேய்ந்து நடக்கும். மந்தமும் குழப்பமும் வரும். இதெல்லாம் நான் படித்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். அப்பா காலைத் தேய்த்து நடந்தபோது, வயசாயிற்று என்றேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல் போனபோது, மறதிக்காரர்கள் இப்படித்தான் ஆவார்கள் என்றேன்.

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் கவனித்தேன். கவனித்து எரிச்சல் பட்டேன். நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது கேட்டால் அப்பா நின்றுவிடுவார். நின்று, என் முகத்தைப் பார்த்து, பதில் சொல்லி, பிறகுதான் நடப்பார். அபிராமியம்மன் கோயில் தெருக் கூட்டத்தில் இப்படி நின்றால் பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். "நடந்துக்கிட்டே சொல்லுங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். 1997இல் ஸ்வீடனின் உமியோ நகரத்து ஆய்வாளர்கள் இதையே ஆய்வுப் பொருளாக எடுத்து லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பிற்பாடு கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. விழாமல் நடப்பதற்கே மூளை முழுக் கவனத்தையும் செலவழிக்கிறது. காதில் அரைகுறையாக விழுந்ததை ஊகித்துப் புரிந்துகொள்ளவும் அதே கவனம்தான் வேண்டும். கையிருப்பு கொஞ்சமாக இருக்கும்போது இரண்டு செலவு ஒன்றாக வந்தால் ஒன்றை நிறுத்தித்தானே ஆக வேண்டும்? அப்பா நின்றது அதனால்தான். நான் இழுத்தேன்.

அவர் குளியலறையில் விழுந்தது இரவில். நெற்றியில் தையல் போட்டதோடு தப்பித்தார். இருட்டில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. நாம் நிமிர்ந்து நிற்பது மூன்று இடங்களிலிருந்து வரும் செய்தியால்: கண், பாதம், உள்காது. உள்காதின் செய்தி தேய்ந்தவர் பகலில் கண்ணை நம்பி நடந்துவிடுவார். இரவில் கண் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்தது, பாதத்தில் மதமதப்பு. மிஞ்சியது ஒன்றுமில்லை. ஒரு சின்ன விடிவிளக்கு அங்கே எரிந்திருக்கலாம். கரண்ட் பில் ஒரு பொருட்டே இல்லை. யோசிக்கத்தான் ஆளில்லை.

அடுத்த மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். குழாய் ரேடியோ, மேளம், வேட்டு. அந்தச் சத்தத்தில் நல்ல காதுக்கே பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. கூட்டத்தில் பிரிந்துவிட்டார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் இது. மலைக்கோட்டை எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தே வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கலாம். பேகம்பூர்ப் பக்கம் ஒரு கடை வாசலில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். "வீடு எங்கேன்னு கேட்டா சிரிக்கிறார்ங்க" என்றார் கடைக்காரர். கேள்வியே அவர் காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தாலும் பதில் தெரிந்திருக்குமா என்பது எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகமாயிற்று.

உள்காதுக்கும் வழி தவறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கேட்கும் உறுப்பும் சமநிலை உறுப்பும் ஒரே எலும்புக்குள், ஒரே திரவத்தில், ஒட்டியே இருப்பவை. இரண்டின் செய்தியும் எட்டாவது மண்டை நரம்பின் வழியாகவே போகிறது. சமநிலைச் செய்தி போய்ச் சேரும் இடங்களில் ஒன்று மூளையின் ஹிப்போகாம்பஸ். நாம் எங்கே இருக்கிறோம், எப்படித் திரும்பிப் போவது என்ற வரைபடம் உருவாகும் இடம் அது. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கைவைக்கும் இடமும் அதுதான். 2005இல் ஜெர்மனியில், இரு காதின் சமநிலை நரம்பும் அறுவைச் சிகிச்சையில் துண்டிக்கப்பட்டு ஆண்டுகள் கழிந்த 10 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் மற்றவர்களுடையதைவிடச் சுமார் 17 சதவீதம் சிறுத்திருந்தது. வழி கண்டுபிடிக்கும் சோதனையிலும் தடுமாறினார்கள். அவர்களுக்கு மறதி நோய் இல்லை. உள்காதின் செய்தி நின்றுபோனதற்கே அந்த விளைவு.

மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்பா சொன்ன மூன்றும் டாக்டர் சொன்னவை அல்ல. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இவர் மறந்துட்டுச் சொல்லலைங்க. அவருக்குக் கேட்டதைச் சரியாத்தான் சொல்றார். காதைப் பார்க்காம நான் எதை அளக்கிறது?" என்றார். சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டார். சொன்னேன். "யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். நான்தான் என்று சொல்ல நேரம் பிடித்தது.

காது டாக்டர் முதலில் இரண்டு காதிலிருந்தும் கல்லாய் இறுகிய குறும்பியை எடுத்தார். பிறகு அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, கண்மணி ஆடுவதைக் காட்டினார். சமநிலை உறுப்பிலிருந்து பிரிந்த சுண்ணாம்புத் துகள் அரைவட்டக் குழலுக்குள் விழுந்து உருளுவதால் வரும் கிறுகிறுப்பு அது. தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பி அந்தத் துகளை வெளியே கொண்டுவந்தார். எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் வகுத்த முறையாம். சில நிமிட வேலை. மறு வாரம் இன்னொரு தடவை. அப்பா ஒருச்சாய்ந்து படுத்தார், வீடு சுற்றவில்லை. நான் கொடுத்த மாத்திரைகளுக்கு அந்தத் துகளை அசைக்கும் சக்தி என்றைக்குமே இருந்ததில்லை.

மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். சில மாதத்தில் கை நடுக்கம் குறைந்தது. காலைத் தூக்கி வைத்தார். ஒருநாள் காலை என் மனைவி, "மாமா சிரிச்சாங்க" என்று கடைக்குப் போன் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பறித்து வைத்திருந்தது வயதும் அல்ல, நோயும் அல்ல.

ஆனால் எல்லாம் திரும்பி வரவில்லை. காதுக்குச் சரியான கருவி போட்டு, மறுபடி சோதித்தபோதும் டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பது உறுதியானது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு அது இருக்கலாம் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் அப்பாவும் ஒருவர்.

நான் காலத்தில் கவனித்திருந்தால் இது வந்தே இருக்காதா? இரவில் என்னைத் தூங்கவிடாத கேள்வி. தெரிந்தவரை நேர்மையாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து பிராங்க் லின் குழு 639 பேரைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2011இல் எழுதியது: லேசான காது மந்தம் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு, நடுத்தரம் என்றால் மூன்று மடங்கு, தீவிரம் என்றால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. 2024இல் லான்செட் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவின் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்றது. அதில் காது மந்தத்தின் பங்கு 7 சதவீதம். அந்தப் பட்டியலில் அதைவிடப் பெரிய பங்கு எதற்கும் இல்லை. ஆனால் கருவி மாட்டினால் அறிவுத்திறன் தேய்வதைத் தடுக்கலாமா என்று நேரடியாகச் சோதித்த ஆய்வு 2023இல் வந்தது. 70 முதல் 84 வயது வரை 977 பேர், 3 ஆண்டு. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. இதயநோய் போன்ற ஆபத்துகள் ஏற்கெனவே அதிகம் இருந்த பிரிவினரிடம் மட்டும் அந்தத் தேய்வு 48 சதவீதம் மெதுவாகியிருந்தது. அப்பா எந்தக் கூட்டத்தில் சேர்ந்திருப்பார்? யாராலும் சொல்ல முடியாது. காது மந்தமும் மறதியும் ஒரே வேரிலிருந்து, அடைபட்ட சின்ன ரத்தக்குழாய்களிலிருந்து, வந்திருக்கவும் கூடும்.

ஆகவே நோயை நான் கொண்டுவந்தேன் என்று சொல்லவில்லை. ஆராய்ச்சி எந்தப் பக்கம் முடிந்தாலும் மாறாத ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருந்த கடைசி வருடங்களில் அவரோடு பேச ஆளில்லாமல் செய்தேன். பேசிப் பழகியிருக்க வேண்டிய காலத்தை நான் 'ஒண்ணுமில்ல' என்று எடுத்துக்கொண்டேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை, அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பினாள். தொற்றுக்காலத்துக்கு முன்பே. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். அந்த மாதம் மருந்து ஸ்டாக்கிஸ்டுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி கழுத்தை நெரித்தது. அதை அங்கே கட்டிவிட்டு, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ஒரு ஒலிபெருக்கும் பொம்மையை வாங்கி அப்பா காதில் மாட்டினேன். நிஜமான கருவியை ஆடியோகிராம் பார்த்து, எந்த ஒலி தேய்ந்திருக்கிறதோ அதை மட்டும் உயர்த்தும்படி அமைப்பார்கள். இது பாத்திரம் விழுவதையும் பேச்சையும் ஒரே அளவில் பெருக்கிக் காதுக்குள் கொட்டியது, விசிலடித்தது. அப்பா இரண்டே நாளில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். தங்கையிடம், "வாங்கிக் குடுத்தாச்சும்மா, அவருதான் போட மாட்டேங்கிறாரு" என்றேன். பல வருடம் அதையே சொன்னேன். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம், "ஏம்ப்பா இப்படி அடம் பிடிக்கிறீங்க?" என்று அப்பாவைத் திட்டினாள். அவர் புரியாமல் சிரித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

இப்போது அவர் காதில் இருப்பது நல்ல கருவி. பேட்டரியின் ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்துக் காற்றுப் பட ஒரு நிமிடம் வைத்திருந்துதான் போட வேண்டும். அது என் வேலை. டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, கத்தாமல், ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் பேசுகிறேன். சில நாள் என் பெயரைச் சொல்கிறார். சில நாள் என்னை மில் மேஸ்திரி என்று நினைத்து லீவு கேட்கிறார்.

கடையில் தலைசுற்றல் மாத்திரை கேட்டு வருகிறவர்களை இப்போது உட்கார வைத்துக் கேட்கிறேன்: படுக்கையில் புரண்டால் சுற்றுகிறதா, நடக்கும்போதா, காது எப்படி இருக்கிறது? சீட்டில்லாமல் கொடுப்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகச் சொல்கிறேன். வசதியில்லாத முதியவர்களுக்குக் காது கருவி கொடுக்க ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம் 2017 முதல் இருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுக்கிறேன். மில்லுக்குப் போகும் பிள்ளைகள் காய்ச்சல் மாத்திரைக்கு வருவார்கள். வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து மில்களில் இன்றைக்கு ரிங் பிரேம் பார்க்கும் பெண்கள். காதுக்கு அடைப்பான் கொடுத்திருக்கிறார்களா, காதைச் சோதித்தார்களா என்று கேட்கிறேன். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அடைப்பானை நானே எடுத்துக் கொடுத்து, போடும் விதத்தையும் காட்டுகிறேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தங்கைக்குப் போன் செய்து, பணத்தை என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டேன். நெடுநேரம் அழுதாள். "நான் அப்பாவைத் திட்டுனேனேண்ணே" என்றாள். தொகையைத் திருப்பி அனுப்பினேன், வாங்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தினமும் சாயங்காலம் என் மனைவி போனுக்கு வீடியோ காலில் வந்து, அப்பா உதட்டைப் பார்க்கும்படி முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு அவரோடு பேசுகிறாள்.